எலிக்குப் பத்து நாளில் தேறுகிறது, தம்பிக்கு ஏன் இன்னும் ஏறவில்லை?

கேள்வி: 24 வயதுத் தம்பிக்கு லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய். அண்ணனின் ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல் (ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்) எடுத்து ஏற்றி இன்றோடு 11 நாள். வெள்ளை அணு 200-லேயே நிற்கிறது. கதிர்வீச்சு கொடுத்த எலிகள் பத்தே நாளில் தேறுவதாகப் படித்தேன். ஏற்றியது பிடிக்கவில்லையா டாக்டர்?

பதில்: 11ஆம் நாளில் 200 என்பதை வைத்துப் பிடிக்கவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அதற்குள் கலங்க வேண்டாம். நீங்கள் படித்தது அனேகமாக 1961இல் டொரண்டோவில் டில், மெக்கல்லக் என்ற விஞ்ஞானிகள் இருவரும் செய்த சோதனையாக இருக்கும். எலியின் எலும்பு மஜ்ஜை அழியும் அளவுக்குக் கதிர்வீச்சு கொடுத்து, வேறொரு எலியின் மஜ்ஜைச் செல்களை ஏற்றி, பத்து நாள் கழித்து மண்ணீரலைப் பார்த்தார்கள், அதில் சின்னச் சின்ன முடிச்சுகள், ஏற்றிய பத்தாயிரம் செல்லுக்கு ஒன்று என்ற கணக்கில். பத்தாம் நாளில் தெரிந்தது அந்த முடிச்சுதான், ரத்தம் பழைய நிலைக்கு வந்துவிடவில்லை. அந்த முடிச்சுகளில் பெரும்பாலானவை கூட அசல் ஸ்டெம் செல்லிலிருந்து வந்தவை அல்ல, கொஞ்ச காலம் பெருகி ஓய்ந்துவிடும் அடுத்த கட்டச் செல்களின் வேலை என்று பின்னால் தெரிந்தது. அசல் பிடித்ததா என்று பார்க்க எலியிலேயே நாலு மாதம் பொறுக்கிறார்கள்.

சரி, தம்பி விஷயம். முதலில் ஏறுவது நியூட்ரோஃபில், கிருமியை முதலில் எதிர்க்கும் வெள்ளை அணு வகை. மூன்று நாள் தொடர்ந்து 500-க்கு மேல் நின்றால் பிடித்துவிட்டது என்போம், ரத்தத்திலிருந்து எடுத்த செல் என்றால் இதற்குப் பெரும்பாலும் இரண்டு வாரம், சிலருக்கு மூன்று. ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் கொஞ்சம் பின்தங்கும், அதுவரை அடிக்கடி ஏற்றுவார்கள், அதைத் தோல்வி என்று எண்ணாதீர்கள். பழைய கிருமிகளை நினைவில் வைத்து எதிர்க்கும் வெள்ளை அணுவான லிம்ஃபோசைட் சீராவதற்கு ஒரு வருஷம் கூட ஆகும், அதனால்தான் குழந்தையில் போட்ட தடுப்பூசிகளை மறுபடி போடச் சொல்கிறோம். அண்ணனின் ரத்தப் பிரிவு வேறு என்றால், போகப்போக தம்பியின் பிரிவே மாறிவிடும், ரிப்போர்ட்டில் பார்த்துத் திகைக்க வேண்டாம்!

28ஆம் நாளிலும் 500 வரவில்லை என்றால்தான் தோல்வி என்ற பேச்சே எழும். அப்போதும் மஜ்ஜையை எடுத்து, இருப்பது அண்ணன் செல்லா தம்பி செல்லா என்று பார்த்த பிறகுதான் அடுத்த முடிவு. இப்போது தினமும் கவுண்ட் கேட்பதைவிடக் காய்ச்சலைக் கவனியுங்கள். 38 டிகிரியைத் தொட்டாலோ குளிர் நடுக்கம் வந்தாலோ, ராத்திரி இரண்டு மணி என்றாலும் நர்ஸை உடனே கூப்பிடுங்கள், நீங்களாகப் பாராசிட்டமால் கொடுத்து அடக்கிவிடாதீர்கள்.