60 டிகிரி, 300 மீட்டர்: எந்த வடக்கிலிருந்து?

கேள்வி: ஒரிகனில் போர்ட்லாண்டுக்குப் பக்கத்தில் வசிக்கிறோம். பிள்ளைகளோடு ஜியோகேச்சிங்கில் (யாரோ மறைத்துவைத்த டப்பாவை, அதாவது கேச்சை, ஜிபிஎஸ் கொண்டு தேடும் விளையாட்டு) ஒரு மல்டி கேச் தேடுகிறோம்; ஒரு டப்பாவில் இருக்கும் குறிப்பு அடுத்த டப்பாவுக்கு வழிகாட்டும். இரண்டாவது டப்பாவில் இருந்த சீட்டில் "இங்கிருந்து 60 டிகிரி, 300 மீட்டர்" என்று மட்டும் எழுதியிருந்தது. காம்பஸை வைத்து நடந்தால் ஓர் இடம், ஜிபிஎஸ் கணக்கில் வேறோர் இடம். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 80 மீட்டர். எதை நம்புவது?

பதில்: அந்த 80 மீட்டர்தான் உங்களுக்குக் கிடைத்த நல்ல துப்பு. காம்பஸ் முள் காட்டுவது காந்த வடக்கு. வரைபடக் கணக்கு உண்மை வடக்கிலிருந்து, அதாவது வட துருவம் இருக்கும் திசையிலிருந்து, தொடங்குகிறது. உங்கள் பகுதியில் முள் சுமார் 15 டிகிரி கிழக்கே விலகி நிற்கும். 300 மீட்டர் தூரத்தில் 15 டிகிரி பிசகினால் 78 மீட்டர் தள்ளிப் போய்விடும். தமிழ்நாட்டில் இந்த விலகல் ஓரிரு டிகிரிதான் என்பதால், அங்கே காம்பஸ் பழகியவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் போகலாம்.

ஆகவே நீங்கள் இரண்டு முறையும் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். சீட்டை எழுதியவர் எந்த வடக்கை நினைத்தார் என்பதுதான் கேள்வி. கேச் விவரத்தில் "காந்த" என்றோ "காம்பஸ் கொண்டுவரவும்" என்றோ இருந்தால் காந்த வடக்கு. ஒன்றும் சொல்லாவிட்டால் உண்மை வடக்கை முதலில் பாருங்கள். மறைப்பவர்களில் பெரும்பாலோர் மென்பொருளில்தான் புள்ளியைக் கணிக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

கணக்கை ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள். 2000 மே 3 அன்று, ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கிய கையோடு, உலகின் முதல் கேச் உங்கள் ஊர்ப்பக்கம் பீவர்க்ரீக் அருகேதான் வைக்கப்பட்டது. அந்த இடத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்: வ (வடக்கு) 45° 17.460, மே (மேற்கு) 122° 24.800.

உண்மை வடக்கு என்றால், வடக்கே 300 × கொசைன் 60 = 150 மீட்டர். கிழக்கே 300 × சைன் 60 = 260 மீட்டர். அட்சரேகையில் ஒரு நிமிடம் (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) 1852 மீட்டர். தீர்க்கரேகையில் ஒரு நிமிடம் அந்த இடத்தில் 1307 மீட்டர்தான். இரண்டுக்கும் 1852 என்றே வகுப்பது பலர் செய்யும் பிழை. சரியாக வகுத்தால் 0.081, 0.199. கிழக்கே போகும்போது மேற்குத் தீர்க்கரேகை குறையும். விடை: வ 45° 17.541, மே 122° 24.601.

காந்த வடக்கு என்றால் 60-உடன் 15-ஐக் கூட்டி, 75 டிகிரிக்கு இதே கணக்கு. வ 45° 17.502, மே 122° 24.578 வரும்.

இப்போது உங்கள் டப்பா இருந்த இடத்துக்கு இதே கணக்கைப் போட்டு, வரும் இரண்டு புள்ளிகளையும் வரைபடத்தில் குறியுங்கள். ஒன்று யாராவது ஒருவர் வீட்டுக் கொல்லையிலோ ஆற்றுக்குள்ளோ விழுந்தால் அதை விட்டுவிடலாம். மிஞ்சியதற்கு ஜிபிஎஸ்ஸைப் பிடித்துக்கொண்டு போங்கள். மரங்களுக்கு நடுவே காம்பஸ் பார்த்து 300 மீட்டர் நேர்கோட்டில் நடப்பது லேசான வேலை இல்லை. 5 டிகிரி கோணினாலே 26 மீட்டர் விலகிவிடும்.

இன்னும் இரண்டு விஷயம். 17.460 என்பது நிமிடமும் அதன் தசமமும். அதை 17 நிமிடம் 46.0 நொடி என்று கருவியில் ஏற்றினால் 570 மீட்டர் தள்ளிப் போவீர்கள். அப்புறம், ஐபோனின் காம்பஸ் அமைப்பில் உண்மை வடக்கைக் காட்டச் சொல்லும் பொத்தான் இருக்கிறது. அது போட்டிருந்தால் போன் காம்பஸும் கையிலுள்ள காம்பஸும் ஒத்துப்போகாது. உறையில் காந்தம் இருந்தாலும் முள் தடுமாறும், கழற்றிவிட்டுப் பாருங்கள்.

புள்ளியை அடைந்ததும் கருவியைப் பையில் வைத்துவிட்டுக் கண்ணால் தேடுங்கள். திறந்தவெளியிலேயே ஜிபிஎஸ் 3 முதல் 5 மீட்டர் வரை பிசகும், மரத்தடியில் இன்னும் கூடும். இரண்டு புள்ளியிலும் கிடைக்கவில்லை என்றால், மறைத்தவருக்கே உங்கள் கணக்கைக் காட்டி எந்த வடக்கு என்று கேட்டு எழுதுங்கள்.