ஒரு நாட்டின் நீண்டகாலப் பொருளியல் கொள்கையை வகுப்பதில் தொழிலதிபர்களுக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம்? சிங்கப்பூர் அனுபவம் என்ன சொல்கிறது?

இடம் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் எந்தத் தொழிலதிபருக்கு, எதற்காக என்று கேட்காமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

லிட்டில் இந்தியாவிலும் அக்கம்பக்கத்திலும் இருக்கும் சிறு கடைகள், உணவகங்களுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். மேலே கொள்கை என்று பேசப்படுவதெல்லாம் மாதக் கடைசியில் வாடகை, சம்பளம், மசேநிதி (முதலாளியும் ஊழியரும் சேர்ந்து கட்டும் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதி), லெவி (வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் தீர்வை) என்று என் மேசைக்கு வந்து சேரும். அந்த இடத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலாளிகள் கொள்கை பேசும் மேசையில் உட்காருவது இங்கே புதிதல்ல. அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் என்று முத்தரப்பும் சேர்ந்த தேசியச் சம்பள மன்றம் 1972லேயே வந்துவிட்டது. அதன் பிறகு பொருளியலுக்குச் சோதனை வரும்போதெல்லாம் ஒரு குழு அமைத்துத் தனியார் துறையினரையும் அழைப்பது வழக்கமாகிவிட்டது. 1985ஆம் ஆண்டு மந்தத்தின்போது லீ சியன் லூங் தலைமையில் ஒன்று, 2009ல் தர்மன் சண்முகரத்னம் தலைமையில் ஒன்று, 2016ல் எதிர்காலப் பொருளியல் குழு. 2020ல் கொவிட் காலத்தில் அமைத்த பணிக்குழுவுக்கு அமைச்சர் டெஸ்மண்ட் லீயுடன் துறைமுக நிறுவனமான பிஎஸ்ஏயின் அப்போதைய தலைமை நிர்வாகி டான் சோங் மெங் இணைத் தலைவராகவே இருந்தார்.

ஆனால் அடித்தளம் போட்டது இந்தக் குழுக்கள் அல்ல. 1961ல் பொருளியல் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கி, ஜூரோங் சதுப்பு நிலத்தைத் தொழிற்பேட்டையாக்க அப்போதைய நிதி அமைச்சர் கோ கெங் சுவீ முனைந்தபோது, இங்கிருந்த பெரிய வணிகர்களில் பெரும்பாலோர் ரப்பர், ஈயம், மளிகைச் சரக்கு என்று வாங்கி விற்றுப் பிழைத்தவர்கள். அவர்களுடைய பணமும் அனுபவமும் கிடங்குகளிலும் கப்பல்களிலும்தான் இருந்தன. என்ன வேண்டும் என்று அவர்களைக் கேட்டிருந்தால், நியாயமாகவே துறைமுகத்தையும் வர்த்தகத்தையும்தான் சொல்லியிருப்பார்கள். 1960களின் கடைசியில் வந்த மின்னணுத் தொழிற்சாலைகளுக்காகப் பேச அந்த அறையில் ஆளே கிடையாது. அவை அப்போது இந்த நாட்டிலேயே இல்லை.

என் கருத்தின் அடிப்படையே இதுதான். மேசையில் உட்காருகிறவர்கள் இன்றைக்கு ஜெயித்தவர்கள். நீண்டகாலக் கொள்கையோ இன்னும் பிறக்காத தொழில்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டியது. அந்தத் தொழில்களுக்காக எந்த வர்த்தகச் சபையும் மனு கொடுக்காது. ஆகவே கடைசி முடிவு மக்கள் தேர்ந்தெடுத்த அரசாங்கத்தின் கையில்தான் இருக்க வேண்டும்.

யார் தியாகம் செய்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1986ல் செலவைக் குறைக்க, முதலாளிகள் கட்டும் மசேநிதிப் பங்கை 25 விழுக்காட்டிலிருந்து 10க்கு இறக்கினார்கள். நிறுவன வரியும் 40லிருந்து 33 விழுக்காடானது. பொருளியல் சீக்கிரமே எழுந்தது, பலருடைய வேலை தப்பியது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குறைந்தது தொழிலாளியின் ஓய்வுக்காலப் பணம். அந்த 25 திரும்ப வரவே இல்லை. 55 வயது வரையிலான ஊழியர்களுக்கு இன்று முதலாளி கட்டுவது 17 விழுக்காடு. தொழிற்சங்கத் தலைவர்களும் அந்தப் பேச்சில் இருந்ததால்தான் தொழிலாளர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றார்கள் என்று நம்புகிறேன். முதலாளிகள் மட்டும் கூடி எடுத்த முடிவாக இருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

இன்னொன்று, "வணிகச் சமூகம்" என்று ஒற்றைக் குரல் கிடையாது. வாடகையையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைத்தொகுதி உரிமையாளரும் தொழிலதிபர், அதில் ஜவுளிக்கடை போட்டிருப்பவரும் தொழிலதிபர். என் வாடிக்கையாளர் ஒருவரின் பழைய ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: அடிப்படை வாடகை, அல்லது விற்பனைத் தொகையில் குறிப்பிட்ட விழுக்காடு, இரண்டில் எது அதிகமோ அது. வியாபாரம் படுத்தால் அடிப்படை வாடகை கழுத்தைப் பிடிக்கும். தீபாவளி மாதம் நன்றாக ஓடினால் விற்பனைப் பங்கு எகிறும். கையொப்பம் போடுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

இது மாறியது எப்படி என்றால், உரிமையாளர் தரப்பையும் வாடகைதாரர் தரப்பையும் ஒரே குழுவில் உட்கார வைத்ததால்தான். 2021ல் சில்லறை வணிக இடங்களுக்கான வாடகை நடத்தை நெறிகள் வந்தன. "எது அதிகமோ அது" என்பதற்குப் பதில் வாடகையை ஒரே சூத்திரத்தில் கணக்கிட வேண்டும் என்பது அதில் ஒரு விதி. 2023ல் அதற்கு நாடாளுமன்றம் சட்ட பலம் கொடுத்தது, 2024 பிப்ரவரி 1 முதல் அமலில் இருக்கிறது. வாடகை குறைந்துவிடவில்லை, அது வேறு கதை. ஆனால் ஒப்பந்தத்தைப் படிக்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குவதில்லை. எதிரெதிர் நலன் உள்ள வணிகர்களை நேருக்கு நேர் உட்கார வைத்தால் நல்ல கொள்கை பிறக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் இது.

இந்திய உணவகங்களின் கதையும் உண்டு. சேவைத் துறையில் வேலை அனுமதிச் சீட்டில் இந்தியாவிலிருந்து சமையல்காரரைக் கொண்டுவர முடியாது என்றிருந்த காலத்தில், பரோட்டா மாஸ்டர் கிடைக்காமல் உணவகக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 2023 செப்டம்பர் முதல் மனிதவள அமைச்சு அனுமதித்தது, மாதம் குறைந்தது 2,000 வெள்ளி சம்பளம், மொத்த ஊழியரணியில் 8 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்ற நிபந்தனைகளோடு. என் வாடிக்கையாளர்கள் சிலருக்கு அந்த வரம்பின் மேல் கோபம். எனக்கு அது சரியென்றே படுகிறது. கேட்டதையெல்லாம் திறந்துவிட்டால் அடுப்படிச் சம்பளம் உயராது, இங்குள்ள பிள்ளைகள் அந்தத் தொழிலுக்கு வரவும் மாட்டார்கள். குறையைச் சொல்வது வணிகரின் உரிமை, அளவைத் தீர்மானிப்பது அரசாங்கத்தின் கடமை.

எனக்குள்ள பெரிய கவலை, மேசைக்கே வராதவர்களைப் பற்றியது. சிங்கப்பூர் வர்த்தகச் சம்மேளனத்தில் சட்டப்படி தானாகவே உறுப்பினராவது அரை மில்லியன் வெள்ளியும் அதற்கு மேலும் பங்கு மூலதனம் உள்ள நிறுவனங்கள்தான். நான் கணக்குப் பார்க்கும் கடைகளில் பாதிக்கு மேல் அந்தக் கோட்டுக்குக் கீழே. தேசியக் குழுக்களில் இவர்களுக்கென்று நாற்காலி ஒதுக்க வேண்டும். குழுவில் இருக்கும் ஒவ்வொரு நிறுவனத் தலைவரும் தம் பரிந்துரையால் தம் நிறுவனத்துக்கு என்ன லாபம் என்பதை எழுத்தில் வெளியிட வேண்டும் என்பதும் என் விருப்பம்.

அது வரும்வரை இருக்கிற வாசலையாவது பயன்படுத்துங்கள் என்று கடைக்காரர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். வரவுசெலவுத் திட்டத்துக்கு முன் நிதி அமைச்சு பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது, வர்த்தகச் சபைகளும் உறுப்பினர்களிடம் கேட்கின்றன. கஷ்டம் என்று பொதுவாக எழுதினால் எடுபடாது. மூன்று ஆண்டு வாடகை, லெவி, விற்பனை எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பச் சொல்கிறேன். அந்த எண்களை எடுத்துக் கொடுக்க நான் காசு வாங்குவதில்லை.