சர்க்கரை நோயாளியின் முழங்காலுக்கு ஊசியா, மூலிகைச் சூடா?

கேள்வி: என் தாயாருக்கு 67 வயது. பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மாத்திரைகளோடு இரவில் இன்சுலினும் போட்டுக்கொள்கிறார். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம். எங்கள் வட்டாரத்துச் சீன மருத்துவர், ஊசி குத்தி அதன்மேல் மூலிகையை எரித்துச் சூடு காட்டும் சிகிச்சையை வாரம் இருமுறையாகப் பத்து முறை செய்துகொள்ளச் சொல்கிறார். அம்மாவுக்கு ஊசி என்றால் பயம். "சூடு மட்டும் போதும், நாம் ஒத்தடம் கொடுப்பதைப் போலத்தானே" என்கிறார். அந்த மூலிகைச் சுருட்டு கடையிலேயே கிடைக்கிறது. வாங்கிவந்து வீட்டில் நானே காட்டலாமா? — வாசகி, சிங்கப்பூர்

பதில்: வீட்டில் காட்ட வேண்டாம். ஊசியை விட்டுவிட்டுச் சூட்டை மட்டும் வைத்துக்கொள்வது என்ற முடிவையும் மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் தாயாரின் உடல்நிலையில் இரண்டில் எது ஆபத்து குறைந்தது என்று கேட்டால், ஊசி என்றுதான் சொல்வேன். பார்ப்பதற்கு ஊசி கூர்மையாகவும் சூடு இதமாகவும் இருப்பதால் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகவே எண்ணுகிறார்கள். அதனால் முதலில் சூட்டைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன்.

நாம் அக்குபஞ்சர் என்று ஒற்றைச் சொல்லில் குறிப்பிடுவதைச் சீனர்கள் 'ஜென்-ஜியூ' என்று இரட்டைச் சொல்லாகவே வழங்குகிறார்கள். 'ஜென்' என்றால் ஊசி. 'ஜியூ' என்றால் மூலிகையை எரித்துச் சூடு காட்டுதல். 'ஜியூ' என்ற எழுத்தைப் பிரித்துப் பார்த்தால், மேலே நீண்ட நேரம் என்று பொருள்படும் எழுத்தும் கீழே நெருப்பும் இருக்கும். 1973இல் சாங்ஷா நகருக்கு அருகே மாவாங்துயில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறை ஒன்றிலிருந்து பட்டுத்துணியில் எழுதிய மருத்துவ ஏடுகள் கிடைத்தன. உடலில் ஓடும் பதினொரு நாளங்களை அவை விவரிக்கின்றன. அவற்றுக்கான சிகிச்சையாகச் சொல்லப்படுவது நெருப்புதான், ஊசி அன்று. ஆகவே ஊசிக்குத் துணையாகப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட முறை என்று சூட்டை எண்ணிவிடக் கூடாது. அது தனக்கென விதிகளும் விலக்குகளும் கொண்ட பழைய மருத்துவம்.

எரிக்கும் மூலிகையின் பெயர் 'ஆய்'. நம் மரிக்கொழுந்தும் மாசிபத்திரியும் சேர்ந்த அதே ஆர்ட்டிமீசியா இனத்தைச் சேர்ந்த செடி அது. ஹூபெய் மாநிலத்தின் சிசுன் பகுதியில் விளைவது பேர்போனது. இலையைக் காயவைத்து, இடித்து, சலித்துத் தூசியையும் காம்பையும் போக்கினால் பஞ்சு போன்ற ஒரு பொருள் மிஞ்சும். அதைத் தாளில் இறுக்கிச் சுருட்டினால், கட்டைவிரல் பருமனில் ஒரு சாண் நீளத்துக்கு, நீங்கள் கடையில் பார்த்த சுருட்டு வந்துவிடும். சில ஆண்டுகள் இருப்பில் வைத்த பஞ்சு நிதானமாக, சீறாமல் எரியும் என்பதால் பழைய சரக்குக்கு மதிப்பு அதிகம்.

சூடு காட்டும் வழிகள் பல. பஞ்சைச் சிறு கூம்பாக உருட்டித் தோலின்மேல் நேரடியாக வைத்து எரிப்பது ஒன்று. இஞ்சி வில்லை, பூண்டு வில்லை அல்லது உப்பை இடையில் வைத்து அதன்மேல் எரிப்பது இன்னொன்று. சுருட்டைப் பற்றவைத்துத் தோலுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் பிடிப்பது இன்று மிகவும் பரவலானது. உங்கள் மருத்துவர் சொல்வது 'வெப்ப ஊசி' என்ற நான்காவது வழி: குத்திய ஊசியின் கைப்பிடியில் இரண்டு சென்டிமீட்டர் அளவுள்ள சுருட்டுத் துண்டைச் செருகிக் கொளுத்துவார்கள். கங்கிலிருந்து தோலுக்கு வெப்பம் இறங்கும். ஊசித் தண்டும் சூடேறும். கங்கோ சாம்பலோ காலில் விழாதபடி, நடுவில் கீறிய அட்டைத் துண்டை ஊசியைச் சுற்றித் தோலின்மேல் வைத்திருப்பார்கள். அந்த அட்டை இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

இந்த வழிகள் எல்லாவற்றிலும் அளவுகோல் ஒன்றுதான்: நோயாளியின் தோல். நெருப்பை எவ்வளவு தள்ளிப் பிடிப்பது, எப்போது விலக்குவது என்பதை வெப்பமானியோ கடிகாரமோ சொல்வதில்லை. "இதமாக இருக்கிறது", "கொஞ்சம் சுடுகிறது", "போதும், எடுங்கள்" என்று படுத்திருப்பவர் சொல்வதைக் கேட்டுத்தான் கை மேலும் கீழும் நகர்கிறது. பல ஆண்டு சர்க்கரை நோயில் கால் நரம்புகள் கெட்டிருந்தால் இந்தப் பேச்சு நின்றுபோகிறது. தோல் வெந்துகொண்டிருக்கும்போதும் நோயாளி அமைதியாகப் படுத்திருப்பார்; போதவில்லை என்றுகூடச் சொல்வார்.

நான் பயிற்சி பெற்ற நாட்களில் இதைக் கண்ணால் பார்த்தேன். வேறோரிடத்தில் சூடு காட்டிக்கொண்ட முதியவர் ஒருவர், முழங்காலுக்குக் கீழே வெளிப்புறத்தில் பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள கொப்புளத்தோடு வந்தார். அவருக்கு வலியே இல்லை. வேட்டியில் ஈரம் பட்டதால்தான் கவனித்திருக்கிறார். "இன்னும் கிட்டக் காட்டுங்கள் என்று நான்தான் சொன்னேன்" என்றார். அந்தப் புண் ஆற இரண்டு மாதத்துக்கும் மேல் ஆயிற்று. ஆசிரியர் அன்று எங்களுக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தார். சூடு காட்டும் இடத்தின் இரு பக்கமும் நம் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் தோலோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். நம் விரல் பொறுக்காதபோது சுருட்டை விலக்கிவிட வேண்டும். உணர்வு குறைந்தவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இது பாடத்திலேயே உள்ள முறைதான். அவசரத்தில் கைவிடப்படும் முறையும் இதுவே.

சர்க்கரை நோயாளிக்கு நெருப்பு ஆகாது என்பதைச் சீன மருத்துவமே வெகு காலத்துக்கு முன் கண்டுகொண்டது. தாங் அரச காலத்தில், ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சுன் சிமியாவ் என்ற பெரும் மருத்துவர், நம் நீரிழிவோடு பெருமளவு ஒத்துப்போகும் 'சியாவ்-கெ' என்ற தீராத் தாக நோய் நூறு நாளைத் தாண்டியவர்களுக்குச் சூடும் வைக்கக் கூடாது, ஊசியும் குத்தக் கூடாது என்று எழுதினார். அப்படிச் செய்த இடத்தில் சீழ் ஓயாமல் வடியும், கட்டிகள் கிளம்பும், நோயாளி மெலிந்து இறப்பார் என்பது அவர் தந்த காரணம். இதைப் படிக்கும்போதெல்லாம் எத்தனை கால்களை அவர் பார்த்திருப்பார் என்று எண்ணுவேன். அவருடைய விலக்கில் ஒரு பாதியை நாம் இன்று தளர்த்திக்கொள்ள முடிகிறது. அக்காலத்துப் பருத்த ஊசி போய், கிருமி நீக்கி உறையில் அடைத்து ஒரே முறை பயன்படுத்தித் தூக்கி எறியும் மெல்லிய ஊசி வந்துவிட்டது. நெருப்புக்கோ அத்தகைய மாற்றம் எதுவும் நேரவில்லை. அது அன்று சுட்டதைப் போலவே இன்றும் சுடுகிறது. கொப்புளம் வந்தால் நல்லது, நோய் வெளியேறுகிறது என்று சொல்லும் பழைய மரபு ஒன்றும் உண்டு. உங்கள் தாயாரிடம் அந்தப் பேச்சை யார் எடுத்தாலும் ஏற்க வேண்டாம்.

ஆகவே சூடு வேண்டும் என்று அவர் விரும்பினால், முதலில் கால் உணர்வைச் சோதித்துக்கொள்ளுங்கள். பலதுறை மருந்தகத்தில் சர்க்கரை நோயாளிகளுக்கு ஆண்டுதோறும் செய்யும் பாதப் பரிசோதனையில், மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் அழுத்தி உணர்கிறதா என்று கேட்பார்கள். அதன் முடிவைச் சீன மருத்துவரிடம் காட்டுங்கள். பாதத்தில் உணர்வு குறைந்திருக்கிறது என்றால் முழங்காலுக்குக் கீழே எங்குமே நெருப்பு வேண்டாம். உணர்வு நன்றாக இருந்தால், முழங்காலைச் சுற்றி மட்டும், தோலைத் தொடாமல் பிடிக்கும் முறையில், மருத்துவரின் விரல்கள் பக்கத்திலேயே இருக்கச் செய்துகொள்ளலாம். மருத்துவர் நெருப்பை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போகக் கூடாது. பல மருந்தகங்களில் சுருட்டுக்குப் பதிலாக வைக்கும் டிடிபி வெப்ப விளக்குக்கும் இதே விதிதான். மூட்டு சிவந்து, வீங்கி, தொட்டால் கொதிக்கிறது என்றால் சீன மருத்துவத்தின் சொந்தக் கணக்கிலேயே சூடு பொருந்தாது. குளிரும் ஈரமும் தங்கிய மூட்டுக்குத்தான் அதை வகுத்திருக்கிறார்கள். ஆஸ்துமா இருந்தால் புகையையும் கணக்கில் கொள்ளுங்கள். வீட்டில், சாய்வு நாற்காலியில் அரைத்தூக்கத்தில் இருக்கும் தாயாருக்கு, அடுப்பையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு மகள் சுருட்டுப் பிடிப்பதில் இந்தக் காவல் எதுவும் இல்லை. நீங்கள் அன்போடு செய்வீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சூடு தாங்குகிறதா என்று நீங்கள் கேட்கும்போது, அதற்கு விடை சொல்லும் நரம்பு ஒழுங்காக இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை.

இனி ஊசி. தாயார் தினமும் இரவில் இன்சுலின் பேனாவால் குத்திக்கொள்கிறார் அல்லவா? அந்த ஊசியின் பருமன் ஏறத்தாழக் கால் மில்லிமீட்டர். அக்குபஞ்சர் ஊசியும் பெரும்பாலும் 0.25 அல்லது 0.30 மில்லிமீட்டர்தான்; உள்ளே துளையில்லாத, மருந்து செலுத்தாத கம்பி. நீளத்தைப் பார்த்துத்தான் பயம் வருகிறது. குத்தும் கணத்தில் எறும்பு கடித்தது போலிருக்கும். பிறகு மருத்துவர் கைப்பிடியை இரு விரலால் மெல்ல உருட்டும்போது உள்ளே ஒரு கடுப்பு, மரமரப்பு, இறுக்கம், பாரம் பரவும். 'தே-சி', அதாவது உயிராற்றல் வந்து சேர்தல் என்று இதைச் சொல்வார்கள். ஊசி சரியாக இறங்கியதற்கு அடையாளமாகவே கொள்வார்கள். மின்னல் போலக் கால்வரை சுரீரென்று ஓடினால் அது வேறு. நரம்பில் பட்டிருக்கலாம், உடனே சொல்ல வேண்டும்.

முழங்கால் வலிக்கு வழக்கமாகத் தேர்ந்தெடுக்கும் புள்ளிகளில் ஒன்று 'சூசான்லீ'. முழங்கால் சிப்பிக்குக் கீழே வெளிப்புறக் குழியிலிருந்து நான்கு விரற்கிடை இறங்கி, முன்னெலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே தள்ளினால் அது கிடைக்கும். அந்த விரற்கிடை நோயாளியின் விரற்கிடைதான், மருத்துவருடையது அன்று. ஆளுக்கு ஆள் உடல் அளவு மாறுவதால் அவரவர் கையே அவரவருக்கு அளவு. சிப்பியின் இரு பக்கக் குழிகளிலும் குத்துவது உண்டு. அங்கே மட்டும், மூட்டின் உள்ளறைக்குள் போகும் அளவுக்கு ஆழமாக வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயாளியின் மூட்டுக்குள் கிருமி புகுந்தால் அது பெரிய தொல்லை. ஊசி உறை உங்கள் கண்முன் கிழிக்கப்பட வேண்டும். குத்தும் இடத்தைச் சாராயப் பஞ்சால் துடைத்து உலரவிட வேண்டும்.

ஆஸ்பிரினுக்காக ஊசியைத் தவிர்க்க வேண்டியதில்லை. ஊசிக்காக ஆஸ்பிரினை நிறுத்தவே கூடாது. எடுத்த இடத்தைச் சற்று நேரம் கூடுதலாக அழுத்திப் பிடித்தால் போதும்; சிறு நீலம் பாரிக்கலாம். அதைவிட முக்கியமானது இன்சுலின். முதல் முறை குத்திக்கொள்பவர்களில் சிலருக்கு வியர்த்து, முகம் வெளுத்து, மயக்கம் வரும். சர்க்கரை தாழ்ந்தாலும் இதே வியர்வை, இதே வெளுப்பு. இரண்டையும் பார்வையால் பிரித்தறிய முடியாது. எனவே வெறும் வயிற்றில் போகாதீர்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, சர்க்கரை பார்க்கும் கருவியையும் இனிப்பு ஏதேனும் ஒன்றையும் பையில் வைத்துக்கொண்டு போங்கள். உட்கார வைக்காமல் படுக்க வைத்தே குத்தச் சொல்லுங்கள். மயக்கம் வந்தால் ஊசிகளை எடுத்துவிட்டு உடனே சர்க்கரையைப் பார்க்க வேண்டும்.

பலன் கிடைக்குமா என்பதற்கு நேர்மையான விடை, ஓரளவு கிடைக்கலாம் என்பதே. தேய்ந்த குருத்தெலும்பு வளராது. 2006இல் வெளியான பெரிய ஜெர்மானிய ஆய்வொன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முழங்கால் நோயாளிகளைப் பார்த்தார்கள். இருபத்தாறு வாரங்களுக்குப் பின், முறைப்படி ஊசி குத்திக்கொண்டவர்களில் 53 விழுக்காட்டினரும், புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 51 விழுக்காட்டினரும், ஊசியில்லாத வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 29 விழுக்காட்டினரும் தேறியிருந்தனர். ஊசி உதவுகிறது, ஆனால் புள்ளி பிசகாமல் குத்துவதில்தான் எல்லாம் இருக்கிறது என்ற எங்கள் துறையின் நம்பிக்கையை அது உறுதிப்படுத்தவில்லை. இதே சான்றுகளை வைத்துக்கொண்டு ஜெர்மனி 2007 முதல் முழங்கால் தேய்மானத்துக்கு ஊசிச் செலவைக் காப்பீட்டில் ஏற்றது. இங்கிலாந்தின் வழிகாட்டுதல் 2022இல் வேண்டாம் என்றது. சூட்டுச் சிகிச்சைக்கு உள்ள சான்று ஊசிக்கு உள்ளதைவிட மெலிந்தது. தொடை முன்தசையை வலுப்படுத்தும் பயிற்சிக்கும் எடைக் குறைப்புக்கும் உள்ள சான்று இவை இரண்டையும்விட வலுவானது. ஆகவே உடற்பயிற்சியை விட்டுவிட்டு அந்த நேரத்தில் ஊசிக்குப் போகும்படி ஆகிவிடக் கூடாது.

பத்து முறைக்கும் முன்பணம் கட்ட வேண்டாம். இன்று அம்மா எத்தனை படி ஏறினால் வலி தொடங்குகிறது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா என்று குறித்துவையுங்கள். ஐந்தாறு முறைக்குப் பின் அதே படிகளில் பாருங்கள். மாற்றமே இல்லையென்றால் நிறுத்திவிடலாம். சிங்கப்பூரில் சீன மருத்துவர்களை 2000ஆம் ஆண்டுச் சட்டம் பதிவுக்குள் கொண்டுவந்துவிட்டது. சீன மருத்துவர்கள் வாரியத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டே போகலாம். மொழியோ இனமோ குறித்துத் தயங்க வேண்டாம். 1867இல் தொடங்கிய தோங் சாய் மருத்துவ நிலையம் எல்லா இன ஏழைகளுக்கும் இலவச மருத்துவம் தருவதற்கென்றே பிறந்தது.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய இரவிலும், மறுநாள் காலை நல்ல வெளிச்சத்திலும் இரு கால்களையும் முழங்காலிலிருந்து பாதம்வரை நீங்களே பாருங்கள். அவருக்கு வலிக்கிறதா என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். சூடு காட்டிய இடத்தில் இளஞ்சிவப்பு சில மணி நேரம் இருப்பது இயல்பு. மறுநாளும் சிவந்திருந்தாலோ, கொப்புளம் தெரிந்தாலோ, குத்திய இடம் சூடாகி வீங்கினாலோ, உடைக்காமல், பற்பசையோ மஞ்சளோ பூசாமல், அன்றைக்கே பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.