ரீப்பர் ஓடும்போது பிரௌசரில் சத்தம் வராதது ஏன்?

விண்டோஸில் பாட்டுப் பதிவு மென்பொருளான ரீப்பரைத் திறந்ததும் அதே ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக்கையும் ஸ்பீக்கரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) யூடியூப் சத்தம் நின்றுபோகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இன்டர்ஃபேஸ் கெட்டுப்போகவில்லை, கவலை வேண்டாம்.

பிரௌசர் மாதிரியான புரோகிராம்களின் ஒலியெல்லாம் விண்டோஸின் மிக்சருக்குப் போய், ஒரே சாம்பிள் ரேட்டுக்கு (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்ற எண்) மாறி, கலந்து வெளியே வரும். ரீப்பர் மாதிரியான மென்பொருள்கள் பயன்படுத்தும், ஸ்டைன்பெர்க் நிறுவனம் உருவாக்கிய ஏஎஸ்ஐஓ என்ற ஒலி வழி அந்த மிக்சர் பக்கமே போகாது. ஒலி வந்து சேரும் தாமதத்தைக் குறைக்க, இன்டர்ஃபேஸை இயக்கும் மென்பொருளான டிரைவரிடம் நேராகப் பேசும். அந்த நேரத்தில் மற்ற புரோகிராம்களுக்கும் இடம் உண்டா என்பது டிரைவரை எழுதியவர் கையில் இருக்கிறது.

இடம் கொடுக்கும் டிரைவர்களிலும் பெரும்பாலும் சாம்பிள் ரேட்தான் தகராறு. ரீப்பரில் 44,100, விண்டோஸில் 48,000 என்று இருந்தால் ஏதாவது ஒன்று ஊமையாகிவிடலாம். முதலில் இரண்டிலும் 48,000 வைத்துப் பாருங்கள்.

அப்படியும் சரியாகவில்லையா? மிக்ஸிங் மட்டும் செய்யும்போது ரீப்பரின் ஆடியோ டிவைஸ் அமைப்பில் வாசாபி ஷேர்டு மோடுக்கு (மற்ற புரோகிராம்களோடு ஒலியைப் பகிரும் விண்டோஸின் சொந்த வழி) மாறுங்கள். தாமதம் கொஞ்சம் கூடும், ஆனால் கேட்டு மிக்ஸ் செய்ய அது தடையே இல்லை. பாடிப் பதிவு செய்யும்போது மட்டும் ஏஎஸ்ஐஓவுக்குத் திரும்புங்கள். பதிவின்போது தன் குரல் தாமதமாகக் கேட்டால் அது பாடுபவரைக் குழப்பக்கூடும்.

ஏஎஸ்ஐஓவிலேயே இருக்க வேண்டுமென்றால், பாட்டை நிறுத்திவிட்டு வேறு விண்டோவுக்குப் போனதும் டிவைஸை விட்டுவிடும் ஆப்ஷன் ஒன்று ரீப்பரின் ஆடியோ அமைப்புகளில் இருக்கிறது. அதை டிக் செய்துகொள்ளுங்கள்.