சமையலறை சந்தேகங்கள்

கேள்வி: அக்கா, ஸ்பானிஷ் உருளைக்கிழங்கு ஆம்லெட் செய்தால் திருப்பும்போது பிய்ந்துவிடுகிறது. கிழங்கும் நடுவில் நறுக்கென்று இருக்கிறது. எப்படிச் சரி செய்வது?
- ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: கோளாறு முட்டையில் இல்லை, கிழங்கில்தான். ஸ்பெயினில் கிழங்கை மொறுமொறுவென்று பொரிப்பதில்லை. நிறைய ஆலிவ் எண்ணெயில், சிறு தீயில் மெதுவாக வேகவிடுவார்கள். 6 முட்டைக்கு 600 கிராம் கிழங்கு, ஒரு பெரிய வெங்காயம். மெல்லிய வில்லைகளாக நறுக்கி, 20 நிமிடமாவது விடுங்கள். கரண்டியால் லேசாக அழுத்தினாலே வில்லை உடைய வேண்டும். ஓரம் சிவக்கக் கூடாது. ஆலிவ் எண்ணெய் விலை கட்டுப்படியாகவில்லையா? பாதி சூரியகாந்தி எண்ணெய் சேருங்கள். வடித்த எண்ணெய் மறுநாள் கறி தாளிக்க ஆகும்.

அப்புறம், உப்பு போட்டு அடித்த முட்டையில் சூடான கிழங்கைக் கொட்டி 10 நிமிடம் ஊறவிடுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். கிழங்கும் முட்டையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வது இங்கேதான்.

24 செ.மீ. நான்ஸ்டிக் சட்டி போதும். ஓரம் இறுகி, நடு தளதளவென்று இருக்கும்போதே சட்டியைவிட அகலமான தட்டைக் கவிழ்த்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து, சட்டென்று திருப்புங்கள். தயங்கினால் பிய்யும். மெல்லச் சறுக்கிவிட்டு இன்னும் 2 நிமிடம். சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் என்றால் நடுவும் நன்றாக வேகட்டும்.

வெங்காயம் வேண்டுமா, வேண்டாமா என்று ஸ்பெயினிலேயே இரண்டு கட்சி. நான் வெங்காயத்தின் பக்கம். பச்சை மிளகாயை மட்டும் உள்ளே போடாதீர்கள், கிழங்கின் மெல்லிய இனிப்பு அடிபட்டுப் போகும். காரம் கேட்பவர்களுக்குப் பக்கத்தில் காய்கறி ஊறுகாய் வையுங்கள்.