ஜாகுவார் ஈ-டைப், டட்சன் 240இசட்: இந்த இரண்டு பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒன்றுதான் என்றால் எதை எடுப்பீர்கள்?

240இசட். ஈ-டைப்பைப் பல வருடம் மனதில் வைத்துச் சுற்றிய பிறகுதான் இதைச் சொல்கிறேன்.

அழகு என்று பார்த்தால் ஜாகுவாருக்குத்தான் என் ஓட்டு. 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அது வெளிவந்தபோது ஓட்டிப் பார்க்க அத்தனை கூட்டம். இன்னொரு கார் உடனே வேண்டும் என்று தகவல் வர, சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் இங்கிலாந்தின் கோவென்ட்ரியிலிருந்து இரவோடு இரவாக ஒன்றை ஓட்டிக்கொண்டு போனார். உடலை வடிவமைத்த மால்கம் சேயர் விமானத் தொழிலிலிருந்து வந்தவர். பக்கவாட்டில் நின்று பார்த்தாலே அது தெரியும். 3.8 லிட்டர், 265 குதிரைத்திறன், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். அந்த விலைக்கு அப்போது அது பெரிய விஷயம்.

ஆனால் அந்த அழகுக்குள் கை விட்டுப் பாருங்கள். கிளட்ச் மாற்ற வேண்டுமா? பானெட்டைக் கழற்றி, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்து வெளியே எடுக்க வேண்டும். பின்பக்க டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லை, உள்ளே, இரண்டு பின்சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலை ஒட்டி இருக்கின்றன. சக்கரத்தோடு துள்ளும் எடை குறையட்டும் என்று யோசித்துச் செய்தது, நல்ல யோசனைதான். ஆனால் அந்த டிஸ்க்கை மாற்ற, பின் சஸ்பென்ஷன் மொத்தத்தையும் கீழே இறக்குவதுதான் வழக்கம். ஆரம்பகால 3.8 கார்களில் முதல் கியருக்கு, உரசாமல் கியர் விழ உதவும் சின்க்ரோமெஷ்ஷும் கிடையாது.

டட்சன் 1969-ல் ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்ற பெயரில் வந்தது. அமெரிக்காவில் அந்தப் பெயர் எடுபடாது என்று 240இசட் ஆக்கியவர் அங்கே டட்சன் விற்பனையைக் கவனித்த யுடாகா கட்டயாமா. விலை 3,526 டாலர். ஈ-டைப்போ 5,000-ஐத் தாண்டியிருந்தது. இதிலும் நீண்ட பானெட்டுக்குக் கீழே வரிசையாக ஆறு சிலிண்டர்தான், 2.4 லிட்டர். ஜாகுவாரில் பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டர் மூன்று, எஸ்யூ நிறுவனத்துடையவை என்றால், இதில் அதே முறையில் ஹிட்டாச்சி செய்தவை இரண்டு. 151 குதிரைத்திறன் குறைவாகத் தோன்றலாம். ஆனால் வண்டி ஆயிரம் கிலோவுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். கிளட்ச்சுக்கு கியர்பாக்ஸை மட்டும் அடியிலிருந்து இறக்கினால் போதும்.

நண்பர் ஒருவரின் 240இசட்டில் ஒரு மழைநாள் காலையில் பக்கத்து இருக்கையில் போயிருக்கிறேன். குளிரில் முதல் திருகலிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. நிமிடத்துக்கு 4,000 சுற்றைத் தாண்டியதும் அந்த ஆறு சிலிண்டர் எழுப்பிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படுவது கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலி. சேறும் புழுதியும் குழியுமாக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர், காரை உடைப்பதற்கென்றே அமைந்த பாதை. 1971-ல் எட்கர் ஹெர்மன் 240இசட்டில் வென்றார். 1973-ல் அதே மாடலில் வென்றவர் ஷேகர் மேத்தா, யுகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர். இடி அமீன் காலத்தில் கென்யாவுக்கு வந்தவர். அந்தப் பாதையில் தாக்குப்பிடித்த வண்டியை மழைக்குப் பயந்து ஷெட்டில் பூட்டி வைக்கத் தேவையில்லை, தினமும் ஓட்டலாம்.

அப்புறம், உண்மையிலேயே வாங்கப் போகிறீர்கள் என்றால் பெயிண்டைப் பார்த்து மயங்காதீர்கள். 240இசட்டின் எதிரி துரு. பேட்டரித் தட்டுக்கு அடியிலும், கதவுக்குக் கீழேயும், கால் வைக்கும் தரையிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். எஞ்சினைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.