சித்தியும் அணு உலையும் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஐடி வேலை பார்க்கிறேன். ஊருக்குப் போனாலே கூடங்குளத்தை வைத்துச் சித்தியோடு சண்டை. அவர் வீடு அங்கே கடற்கரையில். வாழைப்பழத்தில்கூடக் கதிரியக்கம் உண்டு என்று ஸ்லைடு போட்டுக் காட்டினேன், நம்பவில்லை. படிக்காத மக்களின் பயத்தைப் போக்க எளிய நூல் சொல்லுங்கள். காற்றாலை போதும் என்பவர்களுக்கு என்ன பதில்?

க.

அன்புள்ள க.,

காற்றாலை இன்னொரு நாள். வாழைப்பழத்தில் பொட்டாசியம்-40 இருக்கிறது, யார் இல்லையென்றார்கள்? சித்தி 2004இல் சுனாமியைக் கண்ணால் பார்த்தவர். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவில் கடல் ஏறியதை டிவியில் பார்த்திருப்பார். இரண்டையும் சேர்த்து யோசிக்கப் பட்டமா வேண்டும்? "படிக்காத மக்கள்" என்று இனி எனக்கு எழுதாதீர்கள்.

2012இல், உலையை எதிர்த்துப் போராடும் மக்களுக்கு ஆலோசனை சொல்ல நம் ஊர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் மருத்துவர்களைக் கேட்டிருக்கிறார்கள் என்று பேப்பரில் வந்தது. நிம்ஹான்ஸ் பக்கத்து டீக்கடையில்தான் அதைப் படித்தேன். மனைவியைக் காட்ட தர்மபுரியிலிருந்து வந்திருந்த பெரியவர், மடித்து மடித்து நைந்த சீட்டோடு நின்றவர், என்ன செய்தி என்றார். சொன்னேன். "கேள்வி கேட்டா இங்கயா கூட்டியாருவாங்க?" என்றார்.

கேள்வி என்ன பெரிய கேள்வி? பாதுகாப்பு ஆய்வறிக்கையைக் காட்டுங்கள் என்பதுதான். அதே 2012 ஏப்ரலில் மத்தியத் தகவல் ஆணையமே வெளியிடச் சொன்னது. கூடங்குளத்தை நடத்தும் அணுமின் கழகம் கோர்ட்டுக்குப் போனது. அப்புறம் 2019. கூடங்குளம் கம்ப்யூட்டரில் வைரஸ் என்று பேச்சு கிளம்பியது. அக்டோபர் 29 அன்று நிலையத்திலிருந்து அறிக்கை: சைபர் தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை. மறுநாள் கழகத்தின் அறிக்கை: வைரஸ் இருந்தது உண்மை. அதுவும் செப்டம்பர் 4 அன்றே அவர்களுக்குத் தகவல் போயிருக்கிறது! பாதிக்கப்பட்டது அலுவலகக் கம்ப்யூட்டர்தான், உலையை இயக்கும் வலையமைப்பு தனி. சரி, அதை முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன? தலா 1000 மெகாவாட் உலை இரண்டை ஓட்டுகிறவர்கள் ஒரு கம்ப்யூட்டரைப் பற்றி நேராகப் பேசவில்லை. சித்தி அவர்களை ஏன் நம்ப வேண்டும்?

எனக்கும் மின்சாரம் வேண்டும், அணு உலையே கூடாது என்கிற ஆள் இல்லை நான். நூல் கேட்டீர்கள், தர மாட்டேன். சித்தி மேல் உங்களுக்குப் பாசம் இருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. பொங்கலுக்குப் போகும்போது லேப்டாப்பை ஒயிட்ஃபீல்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். சுனாமி அன்று எந்தப் பக்கம் ஓடினார் என்று கேளுங்கள்.